தடுப்பு மையத்துல மாட்டிக்கிட்ட நம்ம பொண்ணுங்க: உடம்பும் மானமும் என்ன பாடு படுது, பேசுவோம்

நகரி நெட்சென்டர் (இழை தொடங்கினவர்):

எல்லாருக்கும் வணக்கம். நகரி, புத்தூர், அந்தப்பக்கம் ராஜம்பேட்டை, ராயச்சோட்டி, கடப்பா வரைக்கும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க எவ்ளோ பேருன்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. பணம் வருது, மாடி எழும்புது, பொண்ணு கல்யாணம் நடக்குது, அதெல்லாம் ஊரே பேசுது. ஆனா அகாமா (அங்க தங்கற அனுமதி) முடிஞ்சு போயோ, அடி தாங்காம கஃபீல் (விசா குடுத்த முதலாளி) வீட்ட விட்டு ஓடி வந்தோ போலீஸ்ல மாட்டினா, ஊருக்கு ஏத்தி விடற வரைக்கும் தடுப்பு மையத்துல வைக்கறாங்களே, அந்த நாளுங்கள பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல. வந்தவங்களும் சொல்றதில்ல, வீட்டுல இருக்கறவங்களும் கேக்கறதில்ல.

நான் இங்க ஜெராக்ஸ், நெட் சென்டர் வச்சிருக்கேன். பாஸ்போர்ட் ஃபாரம், ஈமைக்ரேட் (வெளிநாட்டு வேலைக்கு போறவங்களுக்கான அரசாங்க பதிவு), மதாத் (வெளிநாட்டுல மாட்டினவங்களுக்கான அரசாங்க புகார் போர்ட்டல்) புகார் எல்லாம் நாங்கதான் அடிச்சுக் குடுக்கறோம். அதனால இந்த கதைங்க எல்லாம் காதுக்கு வந்துருது. எங்க தெருவுல ஒரு அக்கா, தறி நெய்ற குடும்பம், கடன் ஏறிப்போய் கத்தாமா விசால, அதாவது வீட்டு வேலை விசால, போனாங்க. சம்பளம் குடுக்கல, பாஸ்போர்ட்டு மேடம் கைல, வெளிய வந்தாங்க, உடனே அந்த வீட்டுக்காரங்க ஓடிப்போயிட்டான்னு கேஸ் குடுத்துட்டாங்க. அந்த கேஸ் விழுந்த நிமிஷத்துல இருந்து இவங்க சட்டவிரோதமா தங்கினவங்க. அடி வாங்கினதும் இவங்கதான், சம்பளம் போனதும் இவங்களுக்குத்தான், உள்ள போனதும் இவங்கதான்.

அங்க நடந்தத என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் கொஞ்சம் சொல்லியிருக்காங்க. தைராய்டு மாத்திரை பைலயே போயிடுச்சு, பைய வாங்கி வச்சிக்கிட்டாங்க. மாசத்துக்கு ஆவறப்ப துணிக்கு ஆம்பள காவலாளிகிட்ட கை நீட்டி கேக்கணும், அவன் புரியாத மாதிரி நிப்பானாம், சைகைல காட்டணும். பாத்ரூம் கதவுக்கு தாப்பா இல்ல. எப்ப அனுப்புவீங்கன்னு கேட்டா நாளைக்கு, நாளைக்குன்னு ஒரே பதில்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். கொலை பண்ணவனுக்குக் கூட கோர்ட்டு இருக்கு, தீர்ப்பு இருக்கு, என்னைக்கு வெளிய வருவோம்னு தேதி இருக்கு. இவங்களுக்கு தீர்ப்பும் கெடையாது, தேதியும் கெடையாது. ஒரு பேப்பர் காலாவதி ஆயிடுச்சு, அவ்ளோதான் இவங்க குத்தம். அதுக்கு ஒரு பொம்பளையோட உடம்பையும் மானத்தையும் இப்படி எடுக்க எவனுக்கு உரிமை இருக்கு? டாக்டர், நர்ஸ், வக்கீல், போய் வந்தவங்க யாரா இருந்தாலும் தெரிஞ்சத எழுதுங்க. பேர் போட வேணாம்.

சத்தியவேடு மணி:

அண்ணே வருத்தமான விஷயம்தான், ஆனா ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காதீங்க. விசா இல்லாம ஒரு நாட்டுல இருந்தா எந்த நாடா இருந்தாலும் பிடிக்கத்தானே செய்வாங்க? நம்ம நாட்டுல பாஸ்போர்ட் இல்லாம ஒருத்தர் இருந்தா விட்டுருவமா? விசிட் விசால ஏஜென்ட் கூட்டிட்டு போறான்னு தெரிஞ்சே போறாங்களே, அதையும் பேசணும்ல.

பாறசாலை வக்கீல்:

மணி தம்பி, கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா பிடிக்கறது ஒரு சங்கதி, பிடிச்சு எப்படி வச்சிருக்காவங்கறது வேற சங்கதி. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டா நமக்கு எதுவும் பேச முடியாம போயிரும்.

தடுப்புங்கறது தண்டனை இல்ல. ஆள அடையாளம் பாக்க, பயணப் பத்திரம் வாங்க, டிக்கெட் போட, அதுவரைக்கும் வைக்கத்தான் அந்த இடமே. தண்டனை இல்லங்கறதாலயே அங்க ஜெயில விட நல்லா இருக்கணும்லா? நடப்புல தலைகீழா இருக்கு. ஜெயிலுக்கு மேனுவல் உண்டு, நீதிபதி வந்து பாப்பாரு, டாக்டர் உண்டு, பரோல் உண்டு. தடுப்பு மையத்துக்கு பல நாடுகள்ல இது ஒண்ணுமே எழுத்துல கெடையாது.

ஐ.நா. 2010ல பெண் கைதிகளுக்குன்னே பாங்காக் விதிகள்னு கொண்டு வந்தது, மொத்தம் 70 விதி. அதுல 5வது விதி என்ன சொல்லுதுன்னா நாப்கின் காசில்லாம குடுக்கணும், தண்ணி தொடர்ந்து வரணும், அதும் கர்ப்பிணிக்கும், பால் குடுக்குற தாய்க்கும், மாதவிலக்கு நேரத்துலயும். 19வது விதி, உடம்ப சோதிக்கறது பெண் ஊழியர்தான் செய்யணும். 24வது விதி, பிரசவ வலி வந்த நேரத்துலயும், பிரசவத்துலயும், பிரசவம் ஆன உடனேயும் விலங்கு போடவே கூடாது. 2015ல வந்த மண்டேலா விதிகள்ல 81வது விதி, பெண்கள் பகுதிக்குள்ள ஆண் ஊழியர் தனியா கால் வைக்கக்கூடாது, கூட பெண் அதிகாரி இருக்கணும். இதெல்லாம் குத்தம் நிரூபிச்ச கைதிக்கே குறைஞ்சபட்சம்னு உலகம் ஒத்துக்கிட்டது. குத்தமே நிரூபிக்காத பெண்ணுக்கு இதுக்கும் கீழ குடுக்கலாம்னு யாரு சொன்னா?

நகரி சார் எழுதின அந்த அக்கா, ஆம்பளகிட்ட சைகைல கேட்டாங்கன்னு படிச்சப்ப எனக்கு கை நடுங்கிப் போச்சு.

கும்மிடி சிஸ்டர்:

நான் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ். திரும்பி வர்ற பொண்ணுங்க யாரும் "நான் தடுப்புல இருந்தேன்"னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க. தலை சுத்துது, முடி கொட்டுது, தூக்கம் வரல, வெள்ளைப்படுது, இப்படித்தான் வருவாங்க. கொஞ்சம் உக்கார வச்சு பேசினா மெதுவா வரும்.

உடம்புல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும். பாத்ரூம் போக பயம், இல்ல கூட்டம், இல்ல கதவு இல்ல, அதனால அடக்கி வைப்பாங்க, தண்ணியே குடிக்க மாட்டாங்க. அதுல யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும், கவனிக்காம விட்டா அது கிட்னி வரைக்கும் ஏறும். ஒரே துணிய மாத்தாம வச்சிருந்தா அங்க புண்ணு, அரிப்பு, நாத்தம், அத யார்கிட்டயும் காட்ட முடியாது. மனசுல பயமும் சாப்பாட்டு மாத்தமும் சேந்தா மாசம் மாசம் வரவேண்டியது நின்னு போயிடும், நின்னா அவங்களுக்கு அடுத்த பயம், என்ன சொல்வாங்களோன்னு. சில பேருக்கு நிக்காம போகும், ரத்தம் குறைஞ்சு உதடு வெளுத்து வருவாங்க. நெரிசல்ல படுத்தா சொறி சிரங்கு வரும், இருமல் நாள்பட்டா டிபி டெஸ்ட் கட்டாயம் எடுக்கணும்.

மாத்திரை நிக்கறதுதான் பெரிய ஆபத்து. தைராய்டு மாத்திரை நின்னா கொஞ்சம் கொஞ்சமா உடம்பு சோந்து, முகம் வீங்கி, மனசும் சேந்து படுத்துரும், அத சோம்பேறின்னு நெனைப்பாங்க. பிரஷர், சுகர் மாத்திரை நிக்கறது உங்களுக்கே தெரியும். வலிப்பு மாத்திரைய திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. பைய வாங்கி வைக்கறப்ப உள்ள என்ன மருந்து இருக்குன்னு பாத்து எழுதிக்க ஒரு ஆள் இருந்தா போதும், இதுக்கு பெரிய செலவே இல்ல.

பால் குடுக்குற தாய கொழந்தைகிட்ட இருந்து பிரிச்சா ரெண்டு நாள்ல மார்பு கட்டிக்கும், காய்ச்சல் அடிக்கும், கவனிக்காம விட்டா சீழ் வைக்கும். கர்ப்பிணின்னா செக்கப் இல்ல, இரும்புச்சத்து மாத்திரை இல்ல, பிரஷர் ஏறுதான்னு பாக்க ஆளில்ல.

இன்னொண்ணு, எழுதவே கஷ்டமா இருக்கு. வேலை செஞ்ச வீட்டுலயோ, தப்பிச்சு தங்கின இடத்துலயோ பலாத்காரம் நடந்து அதுல இருந்து ஓடி வந்து மாட்டினவங்க இருக்காங்க. எச்ஐவி தடுப்பு மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். கர்ப்பம் தடுக்கற மாத்திரையும் சீக்கிரம் போட்டாத்தான் வேலை செய்யும். மூணு நாள் ஒரு மூலைல உக்கார வச்சுட்டு நாலாவது நாள் டாக்டர்கிட்ட கூட்டிப் போனா அந்த நேரம் போச்சு. சில நாடுகள்ல கல்யாணம் ஆகாம கர்ப்பம்னாலே கேஸு, அதனால நடந்தத சொல்லவே பயந்து வாய மூடிக்குவாங்க. அப்படி ஒரு பொண்ண முன்ன பின்ன தெரியாதவங்க துணிய கழட்டச் சொல்லி சோதனை போட்டா அவளுக்கு அது எல்லாம் மறுபடி நடக்கற மாதிரிதான்.

புத்தூர் அக்கா:

நான் இந்த குரூப்புல படிக்கறதோட சரி எழுத மாட்டேன் இன்னைக்கு எழுதறேன் என் பொண்ணுதான் நான் சொல்ல சொல்ல டைப் பண்றா. நானும் உள்ள இருந்தவதான். கல்ஃபுல எந்த ஊருன்னு வேணாம். உள்ள போன ஒடனே துப்பட்டாவ வாங்கிட்டாங்க தூக்கு போட்டுக்குவோம்னு, எனக்கு நாப்பது வயசுக்கு மேல, துப்பட்டா இல்லாம அப்பா எதுக்க கூட நின்னதில்ல, அங்க அத்தன ஆம்பளைங்க நடக்கற வழில நெஞ்ச கையால மூடிக்கினு நின்னேன். பேரு சொல்லி கூப்புட மாட்டாங்க, நம்பரு. ராத்திரில லைட்டு அணைக்க மாட்டாங்க, எண்ணிக்கை எடுக்க வருவாங்க எழுப்பி நிக்க வச்சு எண்ணுவாங்க, கண்ணு மூடினா பூட்ஸு சத்தம். இன்னைக்கும் கதவு டக்குனு சாத்தினா எனக்கு ஒடம்பு தூக்கிப் போடும்.

என்கூட ஒரு சிலோன்கார அம்மா இருந்தாங்க, அவங்கதான் தமிழ் பேச ஆளு, அவங்க புடவைய கிழிச்சு எல்லாருக்கும் துணி குடுத்தாங்க. எத்தியோப்பியா பொண்ணு ஒண்ணு வயித்துல புள்ளையோட இருந்துச்சு, சின்ன பொண்ணு, வாந்தி எடுத்துக்கினே இருக்கும், நாங்க ரொட்டிய தண்ணில ஊற வச்சு குடுப்போம். டாக்டர் வருவாரு மாசத்துல எப்பவோ, எல்லாருக்கும் ஒரே மாத்திர, பனடோல், நம்ம ஊரு பாராசிட்டமால்தான். காய்ச்சலுக்கும் அதான் வயித்து வலிக்கும் அதான் அழுதாலும் அதான்.

வந்ததுக்கப்பறம் நடந்தத சொல்லணும். ஏர்போர்ட்ல வீட்டுக்காரரு வந்தாரு, பஸ்ஸுல திருத்தணி தாண்டற வரைக்கும் பேசவே இல்ல. வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாளு மாமியாரு கேட்டுச்சு, ஒண்ணும் ஆவலியே, அப்படின்னு. எத கேக்கறாங்கன்னு எனக்கு தெரியும். பசிச்சுதா, அடிச்சாங்களா, மருந்து குடுத்தாங்களான்னு யாரும் கேக்கல. கூலிக்கு போற எடத்துல அவ ஜெயிலுக்கு போயி வந்தவன்னு பேசறாங்க. நான் என்னா திருடினனா? பாத்திரம் தேச்சேன், புள்ளைய தூக்கி வளத்தேன், சம்பளம் கேட்டேன். அவ்ளோதான் நான் பண்ணது.

நகரி நெட்சென்டர்:

அக்கா, நீங்க எழுதினதுக்கு கையெடுத்து கும்புடறேன். உங்க பொண்ணுக்கும். இதுக்கு மேல எழுத மனசு வந்தா எழுதுங்க, வரலன்னா வேணாம்.

வேலந்தாவளம் டீச்சர்:

புத்தூர் அக்கா எழுதுனத படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடலீங்க. நான் பாலக்காடு பார்டர்ல வேலந்தாவளத்துல டீச்சரா இருக்கறேன். எங்க பக்கம் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டு சித்தூர்ல இருந்தும் பொம்பளைங்க போறாங்க, ஆனா இங்க குடும்பஸ்ரீன்னு பொம்பளைங்க சுயஉதவிக் குழு கூட்டம், ஆஷா ஒர்க்கர் வீடு வீடா வர்றதுன்னு இருக்கறதால கொஞ்சமாவது வெளிய பேச வாய்க்குதுங்க. அப்படி இருந்தும் தடுப்பு பத்தி யாரும் பேசறதில்ல.

நான் வேற ஒரு பக்கத்த சொல்லணும். இது கல்ஃபோட நிக்கற விஷயம் இல்லீங்க. ஆஸ்திரேலியால பிலோவிலான்னு சின்ன ஊரு, அங்க இருந்த பிரியா, நடேஸ் குடும்பத்த எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஈழத்து தமிழ்க் குடும்பம், ரெண்டு பொண் கொழந்தைங்க, ரெண்டும் அங்கயே பொறந்தது. 2018 மார்ச்சுல விடிகாலைல வீட்டுக்கு வந்து கூட்டிட்டு போயிட்டாங்க. முதல்ல மெல்போர்ன், அப்பறம் 2019 ஆகஸ்ட்ல இருந்து கிறிஸ்மஸ் தீவு, ஆஸ்திரேலியாவுக்கு சொந்தமான தூரத்து தீவு. அந்த தீவு மையத்துல ரொம்ப நாள் இந்த குடும்பம் மட்டும், சுத்தி காவல். 2021 ஜூன்ல சின்னவளுக்கு காய்ச்சல் முத்தி ரத்தத்துல கிருமி ஏறிப்போயி பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்துல கொண்டு போனாங்க, அதுக்கு நாலு வயசு கூட முடியல. கொழந்தைக்கு முடியலன்னு எத்தனையோ தடவ கேட்டோம், சரியா பாக்கலன்னு அந்த அம்மா வெளிய வந்து சொன்னாங்க. பிலோவிலா ஊரு வெள்ளைக்கார ஜனங்க நாலு வருஷம் விடாம போராடி, 2022 ஜூன்ல குடும்பம் ஊருக்கு திரும்புச்சு, ஆகஸ்ட்ல நிரந்தர விசா. சொந்தமும் இல்ல, மொழியும் இல்ல, அந்த ஊரு ஜனங்க பண்ணாங்க. நம்ம பொண்ணுக்கு நம்ம ஊருல என்ன கேள்வி கேக்கறாங்கன்னு மேல அக்கா எழுதியிருக்காங்க பாருங்க.

அதே நாட்டுல இன்னொரு ஈழத்து அம்மா, ரெண்டு பசங்களோட 2012ல உள்ள போனவங்க, உள்ள இருக்கறப்பவே 2013ல அடுத்த கொழந்தை பொறந்துச்சு, வெளிய வந்தது 2015ல. என்ன காரணம்னு அவங்களுக்கே சொல்லல, உளவுத்துறை அறிக்கைன்னு மட்டும் சொன்னாங்க. பிரசவ வார்டுல இருந்து திரும்பிப் போறது வேலி போட்ட இடத்துக்குன்னா அந்த தாய்க்கு பால் சுரக்குமாங்க?

சத்தியவேடு மணி:

டீச்சர், கொழந்தைங்கள வைக்கறது கொடுமைதான், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல. நாடுன்னா எல்லை வேணும், அத மீறினா திருப்பி அனுப்பணும், அந்த கருத்துல நான் அப்படியேதான் இருக்கேன். ஆனா மருந்த புடுங்கி வைக்கறதுக்கும் எல்லைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் புரியல. அமெரிக்கா, இங்கிலாந்துல எல்லாம் நல்லா வச்சிருப்பாங்கதானே?

பாறசாலை வக்கீல்:

இல்ல தம்பி. இங்கிலாந்துல யார்ல்ஸ் வுட்னு ஒரு மையம், 2001ல தொறந்தது, பல வருஷம் பெண்கள வைக்கிற பிரதான இடம் அதான். அந்த நாட்டு சிறை ஆய்வாளரே 2015ல அத தேசமே கவலப்பட வேண்டிய இடம்னு எழுதினாரு. போராட்டம் நடந்து, அரசாங்கமே ஸ்டீபன் ஷாங்கறவர வச்சு ஆய்வு பண்ணி, அந்த ஆய்வு கர்ப்பிணிகள வைக்கவே கூடாதுன்னு சொல்லிச்சு. கடைசில 2016 சட்டத்துல கர்ப்பிணிய 72 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது, மந்திரி அனுமதிச்சா ஒரு வாரம்னு வந்துச்சு. மத்த பெண்களுக்கு இத்தன நாள்தான்னு சட்டத்துல உச்சவரம்பு இன்னும் கெடையாது.

அமெரிக்கால ஜார்ஜியா மாநிலத்துல இர்வின்னு ஒரு மையம். அங்க வேலை பாத்த நர்ஸ் ஒருத்தர் 2020ல புகார் குடுத்தாரு. செனட் துணைக்குழு விசாரிச்சு 2022 நவம்பர்ல அறிக்கை விட்டுது, ஒரு டாக்டர் அங்க இருந்த பெண்களுக்கு அளவுக்கு மிஞ்சி, பல நேரம் தேவையே இல்லாம கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட சிகிச்சை பண்ணிருக்காருன்னு. பாஷை தெரியாது, எதுக்கு கையெழுத்து போடுறோம்னு தெரியாது, முடியாதுன்னு சொன்னா கேஸ் கெட்டுருமோன்னு பயம். அப்படி இருக்கறப்ப அந்த சம்மதம் சம்மதமா?

நம்ம நாட்டையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. அசாம்ல வெளிநாட்டவர்னு தீர்ப்பாயம் சொன்ன பெண்கள கோக்ராஜார் ஜெயில்ல கைதிகளோட வச்சிருந்தாவ. தனி மையம், கோல்பாரா மாவட்டம் மாட்டியால, 2023லதான் ஆள் வைக்க ஆரம்பிச்சாவ. மூணு வருஷம் தாண்டினவங்கள பிணைல விடணும்னு 2019ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2020 கொரோனா நேரத்துல அத ரெண்டு வருஷமா குறைச்சுது. ரெண்டு வருஷம்னு சொல்றப்பவே யோசிச்சுக்கிடுங்க. மேற்கு வங்கத்துல தண்டனை முடிஞ்சும் ஊருக்கு அனுப்ப பேப்பர் வராம ஜெயில்லயே கிடக்குற வங்கதேசத்து பெண்கள ஜான் கலாஸ்னு சொல்லுவாவ. நம்ம தமிழ்நாட்டுல சிறப்பு முகாம்னு, கேஸ் உள்ள ஈழத்து அகதிகளையும் வெளிநாட்டவரையும் அடைச்சு வைக்கிற இடம், எத்தன வருஷமா இருக்கு, வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி, இப்ப திருச்சி. எங்க கேரளாவுல கொல்லம் கொட்டியத்துல 2022ல ஒரு தங்கும் இல்லம் தொறந்தாவ, ஜெயிலுக்கு வெளிய வைக்கணும்ங்கறதுக்காக. இந்தியா 1951 அகதி உடன்படிக்கைல கையெழுத்தே போடல. 1946 வெளிநாட்டவர் சட்டம் போயி 2025 செப்டம்பர்ல இருந்து புது சட்டம் வந்தாச்சு. 2019ல உள்துறை மாநிலங்களுக்கு அனுப்புன மாதிரி மேனுவல்ல பெண்களுக்கு தனி இடம், பால் குடுக்குற தாய்க்கு தனி கவனம்னு எல்லாம் உண்டு. எழுத்துல உண்டு. அத ஊருக்கு ஊரு போய் பாத்து சொல்ல ஆள் வேணும்.

கும்மிடி சிஸ்டர்:

சிறப்பு முகாம் பேச்சு வந்ததால சொல்றேன். எங்க கும்மிடிப்பூண்டி முகாம் அது இல்ல, அது 1990ல இருந்து ஈழத்து சனங்க குடும்பமா இருக்கற திறந்த முகாம், வேலைக்கு போவாங்க வருவாங்க. ஆனா அங்க இருக்கற அம்மாக்கள் கேள்விப்பட்டா கலங்கறது கடல் தாண்டி போன புள்ளைங்களுக்குத்தான். 2021ல கனடாவுக்குன்னு படகுல போனவங்க இந்தியப் பெருங்கடல்ல பிரிட்டன் வச்சிருந்த டியேகோ கார்சியா தீவுல மூணு வருஷம் கூடாரத்துல இருந்தாங்களே, பொம்பளைங்க, கொழந்தைங்களோட, கூடாரத்துக்குள்ள எலி. அவங்கள அடைச்சு வச்சது சட்டப்படி செல்லாதுன்னு 2024 டிசம்பர்ல அந்த தீவுக்கான கோர்ட்டே தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்குள்ள எத்தன பேர் தன்னத் தானே அறுத்துக்க பாத்தாங்க. மனசு பத்தி நான் மேல எழுதாம விட்டதுக்கு காரணம் அது தனியா எழுதவேண்டியது.

தடுப்புல எவ்ளோ நாள் கூடுதோ அவ்ளோக்கு மனசு கெடும், வெளிய வந்த ஒடனே அது சரியாகறதும் இல்ல. இது நெறைய நாட்டுல டாக்டருங்க பாத்து எழுதி வச்சிருக்கறது. அதுலயும் தேதி தெரியாம இருக்கறதுதான் ஆள அரிக்குது. புத்தூர் அக்கா, கதவு சத்தத்துக்கு ஒடம்பு தூக்கிப் போடுதுன்னீங்களே, அது உங்க பலவீனம் இல்ல, பைத்தியமும் இல்ல. வைத்தியம் இருக்கு. திருப்பதி ரூயா பெரியாஸ்பத்திரில மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க, தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை வாங்கிட்டு வந்துராம நடந்தத முழுசா சொல்லுங்க. கூட உங்க பொண்ணு வரட்டும்.

புத்தூர் அக்கா:

சிஸ்டர் போறேன். இத்தன வருஷத்துல இதுக்கு வைத்தியம் இருக்குன்னு யாரும் சொல்லல, சாமியார்கிட்ட தாயத்து கட்டினாங்க.

பெயர் வேண்டாம்:

ஐயா எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாகலாபுரம் பக்கம். என் சித்தி பொண்ணு குவைத்துல 20 நம்பர் விசால, வீட்டு வேலை விசா, இருந்தா, வேல வீட்ட விட்டு வந்துட்டா, போன வாரம் புடிச்சிட்டாங்கன்னு கூட இருந்த பொண்ணு போன் பண்ணுச்சு. அதுக்கப்பறம் தகவலே இல்ல. அவளுக்கு பிட்ஸ் வரும், மாத்திரை சாப்புடறா. ஏஜென்ட் போன எடுக்கல. என்ன பண்றதுன்னே தெரியல, யாரு காலுல விழணும் சொல்லுங்க.

பாறசாலை வக்கீல்:

யாரு காலுலயும் விழ வேண்டாம், இது உங்க உரிமை. வரிசையா சொல்லுதேன், இன்னைக்கே தொடங்குங்க.

அவ பாஸ்போர்ட் நகல், இல்லன்னா நம்பராவது தேடி எடுங்க. சிவில் ஐடி, அங்க பதாகாம்பாங்க, அதோட போட்டோ வாட்ஸப்புல எங்கயாவது இருக்கும். அத வச்சு மதாத் போர்ட்டல்ல புகார் போடுங்க, நகரி சார் சென்டர்லயே போடலாம். கூடவே தூதரகத்துக்கு தனியா மெயில் போடுங்க. அந்த மெயில்ல முதல் வரியே அவளுக்கு வலிப்பு நோய் உண்டு, இன்ன மாத்திரை, இத்தன மில்லிகிராம், ஒரு நாளைக்கு இத்தன வேளைங்கறதா இருக்கட்டும். பழைய டாக்டர் சீட்ட ஸ்கேன் பண்ணி சேத்துருங்க. சம்பள பாக்கி, கேஸு எல்லாம் ரெண்டாவது வரி.

1963 வியன்னா உடன்படிக்கை 36வது பிரிவுப்படி பிடிபட்ட ஆளு கேட்டா தூதரகத்துக்கு தாமதம் இல்லாம சொல்லணும், தூதரக ஆளு உள்ள போயி பாக்கலாம். ஆனா அந்த பிள்ளைக்கு இது கேக்கணும்னே தெரியாது. அதனால நீங்க வெளிய இருந்து தட்டணும்.

பாஸ்போர்ட் கஃபீல் கைல மாட்டிக்கிட்டா தூதரகம் அவுட்பாஸ், ஊருக்கு வர மட்டும் உதவுற அவசரப் பயணப் பத்திரம், குடுக்கும், அதுக்கு பாஸ்போர்ட் தேவையில்ல. டிக்கெட்டுக்கு காசில்லன்னா தூதரகத்துல இந்திய சமுதாய நல நிதி உண்டு, அதுல கேளுங்க. அந்த வீட்டுக்காரங்க திருட்டு கேஸும் குடுத்திருக்காங்களான்னு கட்டாயம் விசாரிக்கச் சொல்லுங்க, அந்த மாதிரி கேஸ் இருந்தா அது முடியாம ஏத்திவிட மாட்டாவ, மாசக்கணக்கா இழுக்கும்.

பாஸ்போர்ட்ல எந்த மாநில அட்ரஸோ அந்த மாநில ஆபீஸுல மனு குடுங்க. நீங்க தமிழ் பேசினாலும் அட்ரஸ் ஆந்திரா, அதனால ஏபிஎன்ஆர்டி சொசைட்டிக்கும் (வெளிநாட்டுல இருக்கற ஆந்திராக்காரங்களுக்கான அரசு அமைப்பு) கலெக்டருக்கும் போடுங்க. பார்டர்ல இருக்கறவங்க இதுலதான் அலையறாவ, சென்னைக்கு போயிட்டு இங்க இல்லன்னு திரும்பி வருவாவ, ஒரு வாரம் வீணாப் போயிரும். பாலக்காடு அட்ரஸ்னா நோர்க்கா, கேரளாவுல அதே மாதிரி அரசு அமைப்பு.

நகரி நெட்சென்டர்:

தம்பி, நாளைக்கு காலைல ஆதார் அட்டையோட சென்டருக்கு வந்துடுங்க, காசு வேணாம். தெலுங்குல கலெக்டர் மனு நான் அடிக்கறேன், இங்கிலீஷ் மெயில் வக்கீல் சார் பாத்துக் குடுப்பாரு. டாக்டர் சீட்டு கெடைக்கலன்னா மாத்திரை வாங்கின மெடிக்கல் கடைல பில்லு கேளுங்க.

போறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டியத நான் இங்க வர்றவங்களுக்கு சொல்லிட்டுத்தான் இருக்கேன், இங்கயும் எழுதறேன். ஈசிஆர் பாஸ்போர்ட்ல, அதாவது போறதுக்கு அரசாங்க அனுமதி வேணும்னு இருக்கற பாஸ்போர்ட்ல, வீட்டு வேலைக்கு 30 வயசுக்கு கீழ உள்ள பொண்ணு போக முடியாது, 30 தாண்டினவங்க போனாலும் அரசாங்க ஏஜென்சி வழியாத்தான். அத தப்பிக்கத்தான் ஏஜென்ட் விசிட் விசா போட்டு துபாய் வழியா ஏத்தறான். அப்படி போனவங்க ஈமைக்ரேட் கணக்குல இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, அங்க மாட்டினா எங்க இருக்காங்கன்னு நம்ம அரசாங்கத்துக்கே தெரியாது. மணி தம்பி கேட்டது இதுல சரிதான், தெரிஞ்சே போறாங்க. கடன்காரன் வாசல்ல நிக்கறப்ப தெரிஞ்சேதான் போவாங்க. குவைத்துல 2018, 2020, 2024ன்னு பொது மன்னிப்பு குடுத்தப்ப, அபராதம் இல்லாம, உள்ள போகாம நேரா ஊருக்கு வரலாம்னு வாய்ப்பு இருந்துச்சு, அந்த சேதி வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த பொம்பளைங்களுக்கு போய் சேரவே இல்ல.

வேலந்தாவளம் டீச்சர்:

ஏனுங்க, இத ஒரு தாள்ல தமிழ்லயும் தெலுங்குலயும் மலையாளத்துலயும் அடிச்சு, போற பொண்ணுங்க கைல குடுத்தா என்னங்க? மலையாளத்துக்கு நான் பண்றேன். இங்க அக்‌ஷயா சென்டருங்கள்ல, கேரளா அரசு இ-சேவை மையம், வைக்கச் சொல்றேன். பெருசா வேண்டாங்க, மடிச்சா பர்ஸுல வைக்கற அளவு.

சத்தியவேடு மணி:

தெலுங்கு நான் பாத்து குடுக்கறேன். எங்க ஊரு சச்சிவாலயத்துல (கிராம அரசு ஆபீஸ்) மகளிர் போலீஸ் அக்கா தெரியும், அவங்க மூலமா போறவங்க வீடுங்களுக்கு குடுக்கலாம்.

புத்தூர் அக்கா:

அந்த தாள்ல ரெண்டு விஷயம் சேருங்க. உள்ள போறப்ப துப்பட்டாவ வாங்கினா, மாத்து துணி கேக்க உரிமை இருக்குன்னு அரபில எழுதி குடுங்க, காட்டறதுக்கு. மாசத்துக்கு ஆகற துணிக்கும் அரபில ஒரு வரி எழுதுங்க, சைகைல காட்ட வேணாம்.

கும்மிடி சிஸ்டர்:

பின்பக்கம் மருந்துக்கு விடுங்க. மாத்திரையோட கடை பேர் இல்ல, உள்ள இருக்கற மருந்தோட பேர், அளவு, எத்தன வேளை, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்காது, கர்ப்பமா இல்லையா, பால் குடுக்கறாங்களா. இங்கிலீஷ்லயும் அரபிலயும். போறதுக்கு முன்னாடி எங்க சென்டருக்கோ அவங்க ஊரு பிஎச்சிக்கோ வந்தா நாங்களே நிரப்பி சீல் போட்டு குடுப்போம். திரும்பி வந்தவங்களுக்கு தனியா ஒரு வரி: ரத்தம், தைராய்டு, சுகர், யூரின், இருமல் இருந்தா சளி டெஸ்ட், எல்லாம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசில்லாம. எங்க இருந்து வந்தீங்கன்னு சொல்லணும்னு அவசியமே இல்ல, அதையும் எழுதிடுங்க.

பெயர் வேண்டாம்:

மாத்திரை பில்லு கெடச்சிருச்சு அண்ணே. லெவெட்டிராசெட்டம் 500, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. காலைல முதல் பஸ்ஸுல வர்றோம், சித்தியும் வருது.